பேசாமலே கூடும் எண்ணங்கள்

தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வந்த கணவனும் மனைவியும் பெருங்கூட்டத்தில் பிரிந்துவிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். காவடிகளும் பால்குடங்களும் அலையலையாக வந்தவண்ணம் இருக்கின்றன. ஒருவர் கைத்தொலைபேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது; ஆகவே மற்றவரிடம் இருப்பதும் பயனற்றதாகிறது. பிரிந்தால் இன்ன இடத்தில் நிற்பது என்று இருவரும் முன்கூட்டிப் பேசிவைக்கவுமில்லை. இனி அவர்கள் ஒருவரையொருவர் காண்பது எங்ஙனம்?

கணவன் தனக்கு வசதியான ஒரு நிழலைத் தேடி நின்றால் பயனில்லை. மனைவி எங்கே நிற்கக்கூடும் என்று மட்டும் ஆராய்ந்தாலும் போதாது. ஏனெனில் அவளும் சும்மா நிற்கவில்லை; அவன் எங்கே வருவான் என்று அதே வேளையில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பற்றி அவள் எண்ணுவதை அவன் எண்ண வேண்டும். அவ்வாறு அவன் எண்ணுவான் என்பதை அவள் எண்ண வேண்டும். இந்தச் சுழலுக்கு முடிவே இல்லை போலத் தோன்றுகிறது. ஆயினும் நடைமுறையில் இவ்விருவரும் பெரும்பாலும் சந்தித்துவிடுகின்றனர். 272 படிகளின் அடிவாரத்தில், 2006ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நெடிய முருகன் சிலையின் காலடியில், ஒருவர் வந்து நிற்கச் சற்று நேரத்தில் மற்றவரும் வந்து சேருகிறார். அல்லது, காலையில் இருவரும் அமர்ந்து தோசை உண்ட கடைவாயிலில் சந்திக்கின்றனர். முன்னது ஊரறிந்த அடையாளம். பின்னது அவ்விருவர் மட்டுமே அறிந்த அடையாளம். இரண்டில் எது வெல்லும் என்பது அக்காலை உணவு அவர்கள் உள்ளத்தில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதனைத் தொலைவிலுணர்தல் என்றோ, மனத்தின் மாயசக்தி என்றோ சொல்லுவோர் உண்டு. அத்தகைய விளக்கம் எதுவும் தேவையில்லை. பிறர் எண்ணத்தை ஊடுருவிப் பார்க்கும் ஆற்றல் இங்கே வேலை செய்யவில்லை. இருவரும் பொதுவாகக் கொண்டுள்ள உலகம் ஒன்று இருக்கிறது. அவ்வுலகில் சில இடங்கள் ஏனையவற்றினும் மேலெழுந்து நிற்கின்றன. அவ்வளவே. ஆனால் இந்த எளிய செய்தியை ஓர் ஆராய்ச்சிப் பொருளாக்கி, அதிலிருந்து போருக்கும் அமைதிக்குமே விளக்கம் தேடியவர் ஓர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர்.

தாமஸ் ஷெல்லிங் என்னும் அவ்வறிஞர் 1921இல் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரிற் பிறந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஐரோப்பாவைச் சீரமைக்கும் பணியில் ஈடுபட்டுப் பேச்சுவார்த்தைகளை நேரிற் கண்டவர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்தவர். 1960இல் வெளியான 'மோதலின் உத்தி' என்னும் பொருள்படும் நூலில், பேரங்காடியில் ஒருவரையொருவர் தவறவிட்ட கணவன் மனைவியரைப் பற்றித்தான் இப்பகுதியை அவர் தொடங்குகிறார். அடுத்து, தமக்கு அறிமுகமான சிலரிடம் விளையாட்டுப் போன்ற சில வினாக்களைக் கேட்டு, விடைகளைத் தொகுத்துத் தந்தார். கேட்கப்பட்டவர் தொகை சிறிது. ஆய்வுக்கூடச் சோதனை என்று அவரே அதற்குப் பெருமை கொண்டாடவில்லை. எனினும் அவ்விடைகள் இன்றும் பேசப்படுகின்றன.

முதல் வினா நாணயத்தைப் பற்றியது. முகம் தெரியாத ஒரு கூட்டாளியோடு பேசாமல், தலை அல்லது பூ என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். இருவரும் ஒன்றையே சொன்னால் இருவருக்கும் பரிசு. 42 பேரில் 36 பேர் தலை என்றனர். இன்னொரு வினாவில் 7, 100, 13, 261, 99, 555 என்னும் ஆறு எண்களைத் தந்து, ஒன்றை வட்டமிடச் சொன்னார். 41 பேரில் 37 பேர் முதல் மூன்று எண்களுக்குள் நின்றனர். அவற்றுள் 7 மிகச் சிறிய வித்தியாசத்தில் 100ஐ முந்தியது. நூறு டாலரை இரு குவியல்களாகப் பிரிக்குமாறும், இருவர் பிரிவினையும் ஒத்திருந்தால் நூறு டாலரும் கிடைக்குமென்றும் சொன்னபோது, 41 பேரில் 36 பேர் ஐம்பது ஐம்பதாகப் பிரித்தனர். விரும்பிய ஏதேனும் ஒரு நேரெண்ணை எழுதச் சொன்னபோது ஏறக்குறைய ஐந்தில் இருவர் 1 என்று எழுதினர். எண்களுக்கு எல்லையே இல்லை. எல்லையற்ற அக்கடலில் கண்ணை மூடிக் குதித்த இருவர் ஒரே முத்தை எடுத்துக்கொண்டு வருவது போன்ற செயல் இது.

இவ்வினாக்களுள் புகழ்பெற்றது நியூயார்க் நகரத்து வினா. குறித்த ஒரு நாளில் அந்நகரில் ஒருவரைச் சந்திக்க வேண்டும். இடமும் சொல்லப்படவில்லை, நேரமும் சொல்லப்படவில்லை, சந்திக்கப்போகிறவருக்கும் இவை தெரியா. பாதிக்கு மேற்பட்டோர் கிராண்டு சென்ட்ரல் இரயில் நிலையத்துத் தகவல் கூடத்தைச் சொன்னார்கள். அந்தக் கூடத்தின் உச்சியில் நான்கு முகம் கொண்ட கடிகாரம் ஒன்று இருக்கிறது. நேரத்திலோ ஒற்றுமை இன்னும் வியப்பானது. ஏறத்தாழ அனைவருமே நண்பகல் 12 மணி என்றனர். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் உள்ளன என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

நண்பகல் 12 மணி சந்திப்பதற்குச் சிறந்த நேரம் என்று யாரும் கருதவில்லை. அது வெயில் நேரம், பசி நேரம், நெரிசல் நேரம். ஆயினும் இரு முட்களும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும் அந்நேரம் நாளை இரு கூறாக்குகிறது. 10 மணி 40 நிமிடத்துக்கு அத்தகைய சிறப்பு எதுவும் இல்லை. சூரியக் கதிர்கள் கண்ணாடி வில்லையின் வழியே சென்று ஒரு புள்ளியில் கூடுவது போல, பலருடைய எண்ணங்கள் வந்து கூடும் இத்தகைய புள்ளியைக் 'குவியம்' என்று அழைப்பது பொருந்தும். ஷெல்லிங் அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரும் அப்பொருளதே.

குவியமாவதற்கு ஒரு பொருள் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. தனித்து நின்றால் போதும். ஊரில் மிக அழகிய வீடு எது என்பதில் பத்துப் பேருக்குப் பத்துக் கருத்து இருக்கலாம். ஆற்றின்மேல் ஒரே ஒரு பாலந்தான் உண்டென்றால் அதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஷெல்லிங் ஒரு வரைபடத்தைக் காட்டி, வான்குடை மூலம் வெவ்வேறிடத்தில் இறங்கிய இரு வீரர்கள் எங்கே சந்திப்பர் என்று கேட்டார். படத்தில் வீடுகள் பல, சாலைகள் சில, பாலம் ஒன்று. எண்மரில் எழுவர் பாலத்தையே சுட்டினர்.

இங்கே தருக்கம் தோற்றுப்போகிறது என்பதை உணர வேண்டும். தலையும் பூவும் கணக்கின்படி சமம். இருவரும் பூ என்றாலும் அதே பரிசுதான். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கொள்ளக் கணிதம் எந்தக் காரணமும் தருவதில்லை. பொது அடையாளம் ஏதுமின்றித் தூய அறிவு மட்டுமே உடைய இரு பேரறிஞர்களை இவ்விளையாட்டில் இறக்கினால், அவர்கள் நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலாக ஒன்றும் செய்ய இயலாது. தருக்க அறிஞரைவிடக் கவிஞர் இதில் வல்லவராக இருக்கக்கூடும் என்று ஷெல்லிங் குறித்ததில் நகைச்சுவை மட்டுமன்று, உண்மையும் உண்டு. உவமையைக் கேட்டவுடன் பிறர் மனத்தில் எது தோன்றும் என்று அறிவதுதானே கவிஞன் தொழில்!

இதனையொத்த வேறொரு விளையாட்டை ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1936இலேயே விவரித்திருந்தார். பத்திரிகையில் நூறு முகங்களின் படங்கள் வெளியாகின்றன. அவற்றுள் அழகிய ஆறு முகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். போட்டியாளர் அனைவருடைய பொதுத் தேர்வுக்கும் யாருடைய தேர்வு நெருங்கி நிற்கிறதோ அவருக்குப் பரிசு. அப்போது தன் கண்ணுக்கு அழகானதை ஒருவரும் குறிப்பதில்லை. பிறர் கண்ணுக்கு அழகானதையும் அல்ல. பிறர் கண்ணுக்கு அழகென்று பிறர் கருதுவது எது என்று படிப்படியாக ஏறிச்செல்கின்றனர். பங்குச்சந்தை இவ்வாறே நடக்கிறது என்றார் கெயின்ஸ். அவர் கண்டது ஏறிக்கொண்டே போகும் ஏணி. ஷெல்லிங் கண்டது அந்த ஏணியில் ஏறாமலே எல்லாரும் நின்றுவிடும் தளம்.

மனிதர் தம் விருப்பத்தைச் சொல்லும்போதும், பிறரோடு பொருந்த முயலும்போதும் வேறு வேறாகச் சிந்திக்கின்றனர் என்பதற்கு நல்ல சான்று உண்டு. இங்கிலாந்தில் ஜுடித் மேத்தா, கிறிஸ் ஸ்டார்மர், இராபர்ட் சக்டன் என்னும் மூவர் 1994இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே வினாக்களை இரு குழுவினரிடம் கேட்டனர். முதற் குழுவினர் மனத்தில் தோன்றியதை எழுதினால் போதும். இரண்டாம் குழுவினர் முன்பின் அறியாத கூட்டாளியின் விடையோடு தம் விடை ஒத்திருக்குமாறு எழுத வேண்டும். ஒரு மலரின் பெயரைச் சொல்லக் கேட்டபோது, முதற் குழுவில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ரோஜா என்றனர். இரண்டாம் குழுவிலோ மூன்றில் இருவர் ரோஜா என்றனர். ஆண்டின் ஒரு நாளைக் கேட்டபோது முதற் குழுவினரின் விடைகள் நாட்காட்டி முழுதும் சிதறிக் கிடந்தன. அவரவர்க்குப் பிரியமான நாளை அவரவர் எழுதினர். கூட்டாளியோடு பொருந்த வேண்டும் என்றவுடன் அப்பிரியங்கள் ஒதுக்கப்பட்டு, டிசம்பர் 25 தனித்து எழுந்துவிட்டது. தன் பிறந்த நாள் ஒருவனுக்கு எவ்வளவு இனியதாயினும், அஃது அடுத்தவன் அறியாத நாள் என்பதை யாரும் சொல்லாமலே ஒவ்வொருவரும் உணர்ந்துகொண்டனர். இன்னும் சொன்னால், தன்னை மறந்து பிறரை நினைக்கும் இச்செயல் ஓர் அறப்பண்பாக இங்கே நிகழவில்லை, பரிசுக்காகவே நிகழ்ந்தது.

டிசம்பர் 25 இங்கிலாந்தின் விடை. வேறொரு நாட்டில் வேறொரு சமயத்தார் நடுவே அந்நாள் மேலெழுந்திருக்குமா என்பது ஐயமே. நியூயார்க் வினாவிலும் இதே நுட்பம் ஒளிந்திருக்கிறது. ஷெல்லிங்குக்கு விடை தந்தோர் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரத்தவர். அங்கிருந்து நியூயார்க்கிற்குப் புறப்படும் இரயில் வந்து நிற்பது கிராண்டு சென்ட்ரல் நிலையத்தில். ஆதலின் அவர்கள் நியூயார்க் நகரத்தின் நடுவைச் சொல்லவில்லை. தம் பயணத்தின் முடிவைச் சொன்னார்கள். திரைப்படங்களில் மட்டுமே அந்நகரைக் கண்ட ஒருவர் சுதந்திர தேவி சிலையையோ எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையோ நினைப்பார். நியூஹேவன்காரர் ஒருவரும் சிங்கப்பூர்க்காரர் ஒருவரும் அங்கே பேசாமல் சந்திக்க வேண்டுமாயின், இருவரும் மிகுந்த அறிவாளிகளாய் இருந்தும் நாள் முழுதும் வெவ்வேறிடத்தில் காத்துக்கிடக்கக் கூடும். இந்தக் குறை அறிவினால் வந்ததன்று. அவர்கள் ஒரே இரயிலில் வந்திறங்கிப் பழகவில்லை.

குவியத்துக்கு மற்றொரு பகை இலாபக் கணக்கு. ஷெல்லிங் தம் நாணய வினாவைச் சற்றே மாற்றினார். இருவரும் தலை என்றால் முதலாமவருக்கு 3 டாலர், மற்றவருக்கு 2 டாலர்; இருவரும் பூ என்றால் இது தலைகீழாகும். வேறுபட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அவ்வாறிருந்தும் முதலாம் இடத்தினர் 22 பேரில் 16 பேரும், இரண்டாம் இடத்தினர் 22 பேரில் 15 பேரும் தலை என்றே சொன்னார்கள். பின்னவர்க்கு அதனால் ஒரு டாலர் நட்டம். எனினும் வேறு வழி காணாததால் இசைந்தனர். குவியம் என்பது நீதியான இடமாக இருக்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். கண்ணுக்கு எடுப்பாய் நிற்பது யாருக்குச் சாதகமோ அவர் வாய் திறவாமலே வென்றுவிடுகிறார்.

ஆனால் பிற்கால ஆராய்ச்சி இம்முடிவை அப்படியே ஏற்கவில்லை. வின்சென்ட் கிராபோர்டு, யூரி நீசி, யுவால் ராட்டன்ஸ்ட்ரைக் என்போர் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், இருவர் ஆதாயமும் சமமாய் இருந்தபோது ஒற்றுமை எளிதிற் கைகூடிற்று. சிகாகோ நகரில் அந்நாளில் சியர்ஸ் கோபுரம் என வழங்கிய உயர்ந்த கட்டடத்தைப் பெரும்பாலோர் தேர்ந்தனர். ஆதாயத்தில் மிகச் சிறிய ஏற்றத்தாழ்வு, ஐந்து டாலருக்குப் பத்துக் காசு என்னும் அளவில், நுழைந்தவுடன் அவ்வொற்றுமை பெரிதும் சிதைந்துவிட்டது. பத்துக் காசு யாருக்கும் பெரிதன்று. ஆயினும் அதைக் கண்டவுடன், "அவர் தம் இலாபத்தை நாடுவாரோ, விட்டுக்கொடுப்பாரோ, நான் விட்டுக்கொடுப்பேன் என்று எதிர்பார்ப்பாரோ" என்ற எண்ணம் கிளம்பிவிடுகிறது. கிளம்பியதும், எல்லார் கண்ணுக்கும் தெரிந்துகொண்டிருந்த கோபுரம் மறைந்துபோகிறது.

குவியம் எவ்வாறு தோன்றுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பழக்கத்தால் என்றே சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு மெய்யியலறிஞர் டேவிட் ஹியூம் 1739-40இல் வெளியிட்ட நூலில், ஒரு படகில் துடுப்புத் தள்ளும் இருவரைச் சுட்டுகிறார். அவர்கள் ஒருவருக்கொருவர் வாக்குறுதி தந்துகொள்ளவில்லை. ஆனாலும் துடுப்புகள் சேர்ந்து விழுகின்றன. டேவிட் லூயிஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1969இல் இக்கருத்தை விரிவாக்கி, மொழியே இத்தகைய வழக்கம் என்று காட்டினார். சாலையில் இடப்புறம் செல்வதும் அவ்வாறே. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இடப்புறம் செல்லும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. வலப்புறத்தைவிட இடப்புறம் எவ்விதத்திலும் உயர்ந்ததன்று. ஆயினும் வலமே மேலென்று தனியொருவர் முடிவுசெய்து அதன்படி ஒழுகினால், அவர் முடிவு மருத்துவமனையில்தான் முடியும்.

சுவீடன் நாட்டினர் இவ்வழக்கத்தை மாற்ற எடுத்துக்கொண்ட முயற்சி படிக்கச் சுவையானது. அண்டை நாடுகளாகிய நார்வேயிலும் பின்லாந்திலும் வலப்புறப் போக்குவரத்து. சுவீடனில் மட்டும் இடப்புறம். அங்கு ஓடிய கார்களிலும் பெரும்பாலானவை வலப்புறச் சாலைக்கு ஏற்றவை. இருந்தும் 1955இல் மக்கள் கருத்தைக் கேட்டபோது ஏறத்தாழ 83 விழுக்காட்டினர் மாற்றம் வேண்டாவென்றனர். நாடாளுமன்றம் 1963இல் மாற்றுவதென்று தீர்மானித்தது. நான்காண்டு ஆயத்தத்துக்குப்பின், 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு மாற்றம் நிகழ்ந்தது. அதற்குப் பத்து நிமிடம் முன்பு வண்டிகளெல்லாம் நின்று, மெல்ல மறுபுறம் ஒதுங்கி, மணியை எதிர்பார்த்துக் காத்து நின்றன. ஒவ்வொரு ஓட்டுநரும் புதிய சட்டத்தை அறிந்திருந்தால் மட்டும் போதாது. எதிரே வருபவரும் அறிந்திருக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஊரெங்கும் விளம்பரங்களும் பாட்டுகளும் முழங்கியது அதற்காகவே. யாரும் அறியாதிருக்க முடியாது என்று யாவரும் அறியும் நிலையை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கிற்று என்றே சொல்லலாம்.

இனி இதன் கொடிய முகத்தைக் காண்போம். 1973ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் அய்ச்சி மாநிலத்தில் மூன்று பள்ளி மாணவியர் இரயிலிற் பேசிக்கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருத்திக்கு டொயொகாவா என்னும் ஊரின் கடன் சங்கத்தில் வேலை கிடைத்திருந்தது. அத்தகைய இடத்தில் வேலை செய்வது ஆபத்தென்று தோழி ஒருத்தி வேடிக்கையாகச் சொன்னாள். கொள்ளைக்காரர் வரக்கூடும் என்பதே அதன் பொருள். அந்தச் சொல் வீட்டுக்கு வந்து உறவினர் செவியில் விழுந்தபோது, சங்கத்தின் நிதிநிலைமையே ஆபத்தானது என்று உருமாறியது. அவ்வாண்டு எண்ணெய் நெருக்கடியால் மக்கள் மனம் ஏற்கெனவே கலங்கியிருந்தது. ஒரு வாரத்துக்குள் வாடிக்கையாளர் வரிசை பிடித்து நின்று பணத்தை எடுக்கலாயினர். சங்கத்தாரின் விளக்கத்தை யாரும் செவிமடுக்கவில்லை. ஜப்பான் மத்திய வங்கி தலையிட்டுப் பணக்கட்டுகளைக் கொண்டுவந்து அடுக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. பின்னர்ப் போலீசார் வதந்தியின் வேரைத் தேடிச்சென்று அம்மூன்று மாணவியரின் பேச்சில் வந்து நின்றனர்.

அவ்வரிசையில் நின்றவர் அனைவரும் மூடர் என்று சொல்வதற்கில்லை. வதந்தி பொய்யென்று நன்கறிந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். சங்கம் உறுதியானதுதான். ஆனால் மற்றவர்கள் அதை நம்பவில்லையே! அவர்கள் அனைவரும் பணத்தை எடுத்துவிட்டால் உறுதியான சங்கமும் வீழும். ஆகவே பொய்யென்று தெரிந்தும் அவர் வரிசையில் நிற்கிறார். அவர் நிற்பதைக் கண்டு இன்னொருவர் நிற்கிறார். இங்கும் எவரும் யாரோடும் கூடிப் பேசவில்லை. சங்கத்தின் வாசல் எல்லார் எண்ணமும் குவியும் இடமாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் சிங்கப்பூரில் நோய்ப்பரவல் விழிப்புநிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்த்தப்பட்ட மாலையில் பேரங்காடிகளில் நடந்ததும் இதுவே. அரிசியும் உடனடி மீயும் கழிவறைத் தாளும் நாட்டில் போதிய அளவு இருந்தன. அன்றிரவு தட்டுகளை வெறுமையாக்கியது, பிறர் வாங்கிவிடுவர் என்ற எண்ணந்தான்.

பேசாமல் பொருந்துவதற்குக் குறி தெளிவாயிருக்க வேண்டும் என்பதைத் தமிழர் காதல் இலக்கணத்திலேயே கண்டிருக்கின்றனர். களவொழுக்கத்தில் தலைவன் இரவிலே வந்து, நீரில் காயை எறிந்தோ பறவைகளை எழுப்பியோ தன் வரவை உணர்த்துவான். காற்றடித்து ஒரு காய் தானாக நீரில் விழுந்தாலும் அதே ஓசைதான் எழும். தலைவி வந்து பார்த்து ஏமாந்து திரும்புவாள். இதனை 'அல்லகுறிப்படுதல்' என்று தொல்காப்பியம் பெயரிட்டுப் பேசுகிறது. அங்கே குறி முன்பே பேசிவைத்ததாயினும் பயன்படவில்லை. ஏனெனில் இயற்கையும் அதே குறியைச் செய்யவல்லது.

ஷெல்லிங் போரைப் பற்றி ஆராய்ந்தபோது அவரது கவனத்தைக் கவர்ந்ததும் குறியின் தெளிவே. முதல் உலகப் போரில் நச்சுப்புகை ஏராளமாகப் பயன்படுத்தப்பட்டது. 1925இல் ஜெனீவாவில் அதனைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் சீனாவில் அதைப் பயன்படுத்தியது. நாஜிகள் கொலைமுகாம்களில் பயன்படுத்தினர். ஆயினும் ஐரோப்பியப் போர்க்களங்களில், இருதரப்பாரிடமும் குவிந்திருந்தும், ஒருவர் படைமீது மற்றவர் அதை ஏவவில்லை. காகிதத்தில் எழுதிய தடைகள் எத்தனையோ அப்போரில் காற்றிற் பறந்தன. இத்தடை நிலைத்ததற்குக் காரணம் என்ன? 'புகையே கூடாது' என்பது ஒரே பொருளுடைய எல்லை. 'சிறிது புகை விடலாம்' என்றால் எவ்வளவு, எங்கே, யார்மீது, எந்நிலையில் என்று வினாக்கள் கிளைக்கும்; பகைவனோடு அமர்ந்து பேசாமல் அவற்றுக்கு விடைகாண முடியாது. கொரியப் போரிலும் இவ்வாறே. 1950 முதல் 1953 வரை நடந்த அப்போரில், சீன எல்லையாகிய யாலு ஆறு, பேசப்படாத ஓர் எல்லைக்கோடாயிற்று. அமெரிக்க விமானப்படை பொதுவாக அதைக் கடந்து மஞ்சூரியாவில் குண்டு வீசவில்லை. ஆறு வரைபடத்திலும் தெரிகிறது, வானத்திலிருந்தும் தெரிகிறது, இருதரப்பாரும் அதைக் காண்கின்றனர் என்பது இருதரப்பாருக்கும் தெரிகிறது. ஆற்றுக்கு வடக்கே இருபது மைல் என்று ஒரு கோட்டை யாரும் மனத்திலே வரைந்துகொள்ள இயலாது.

2005இல் ஷெல்லிங்குக்கு, இராபர்ட் ஔமன் என்னும் அறிஞரோடு சேர்த்துப் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது அவர் நிகழ்த்திய உரையின் பொருள், ஹிரோஷிமாவுக்குப் பின்வந்த அறுபதாண்டுகள். நடந்தவற்றுள் பெரிது, நடவாத ஒன்றே என்பது அவ்வுரையின் தொடக்கக் கருத்து. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நாகசாகியில் விழுந்த குண்டுக்குப்பின் எந்தப் போரிலும் அணுகுண்டு வெடிக்கவில்லை. ஐசனோவரின் ஆட்சிக்காலத்தில், 1950களில், அணு ஆயுதமும் மற்ற ஆயுதங்களைப் போன்றதே என்ற கருத்தை நிலைநாட்ட அமெரிக்க அரசு முயன்றது. சிறிய அணுகுண்டு பெரிய வெடிகுண்டைவிடக் குறைந்த அழிவையே தரும் என்ற வாதத்தில் கணக்குப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் உலகம் அக்கணக்கை ஏற்கவில்லை. வியட்நாமில் அமெரிக்கா தோற்றுத் திரும்பியது; ஆப்கானிஸ்தானத்திலிருந்து சோவியத்து ஒன்றியம் 1989இல் வெளியேறியது. இருவரிடமும் ஆயிரக்கணக்கில் அணுகுண்டுகள் இருந்தன; இருவரும் அவற்றைத் தொடவில்லை.

எரிந்துபோகும் ஊருக்குச் சிறிய அணுகுண்டும் பெரிய வெடிகுண்டும் ஒன்றுதான். எண்ணத்தில்தான் அவற்றிடையே வேறுபாடு. அவ்வேறுபாட்டுக்கு வேறு ஆதாரம் கேட்போர், சாலையின் இடப்புறத்துக்கு என்ன ஆதாரம் என்று கேட்போரைப் போன்றவர். எல்லாரும் இது தனி வகை என்று கருதுகின்றனர். எல்லாரும் அவ்வாறு கருதுகின்றனர் என்பதை எல்லாரும் அறிவர். ஒவ்வோர் ஆண்டும் பயன்படுத்தாமற் கழியுந்தோறும் கோடு அழுத்தமாகிறது.

கோட்டைக் கடந்தபின் அடுத்து எங்கே நிற்பது என்பதுதான் விடையற்ற வினா. ஒரு குண்டு வெடித்தபின், இரண்டோடு நிறுத்துவதா, பன்னிரண்டோடு நிறுத்துவதா? கடலில் மட்டுமா, படைமுகாமில் மட்டுமா? பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள எல்லை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் அப்படி ஒன்றுமில்லை. வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்த 1963இல் இரு வல்லரசுகளும் உடன்பட்டன. அதற்கு முந்திய ஆண்டில், கியூபா நெருக்கடியின்போது, ஒரு தரப்பார் அனுப்பிய செய்தி மறுதரப்பாரை அடையப் பல மணி நேரம் ஆகியிருந்தது.